எட்டு வருஷமாக ஒரு பழைய டிஃபெண்டர்: திருகோணமலையில் நம்பி வைத்திருக்கலாமா?

நிலாவெளிப் பக்கம் எங்காவது தேத்தண்ணிக் கடையில் என் டிஃபெண்டர் ஜீப்பை நிறுத்தினால், யாராவது ஒரு தம்பி வந்து குனிந்து அடியில் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, இத நம்பி எடுக்கலாமா?" ஒவ்வொரு முறையும் இரண்டு வார்த்தையில் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், வீட்டுக்கு வந்த பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று மனதுக்குள் இருக்கும். அதனால் எட்டு வருஷ அனுபவத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், ஆனால் பல லட்சம் கொடுத்து வாங்கப் போகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

என்னுடையது 1997 மொடல் லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, எஞ்சின் 300 டிடிஐ. 2017 ஆவணியில் வாங்கினேன். ஏதோ ஒரு திணைக்களம் ஏலத்தில் விட்டதை எடுத்து இரண்டு வருஷம் ஓட்டிய ஒருவரிடமிருந்து என் கைக்கு வந்தது. ஆசை இருந்தது உண்மை, ஆனால் ஆசைக்காக மட்டும் எடுக்கவில்லை. வீடு அலஸ்தோட்டத்தில், வயல் திரியாயில், அம்மாவின் சொந்தங்கள் ஈச்சிலம்பற்றில். புல்மோட்டை வீதியில் எந்த வண்டியும் போகும், அந்த வீதியிலிருந்து இறங்கி வயலுக்குப் போகும் கடைசித் துண்டுதான் பிரச்சினை, மாரி தொடங்கினால் அது பாதையே இல்லை, சேறு. உர மூட்டையோடு மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் விழுந்து எழும்பிய பிறகுதான் நாலு சில்லும் இழுக்கும் வண்டி வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

டிஃபெண்டர் என்று சொல்லும்போது எந்த டிஃபெண்டர் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் லாண்ட் ரோவரை 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டினார்கள், டிஃபெண்டர் என்ற பெயர் 1990இல்தான் வந்தது, அந்தப் பழைய உருவம் 2016 ஜனவரி 29ஆம் திகதி இங்கிலாந்தின் சொலிஹல் தொழிற்சாலையில் கடைசி வண்டியோடு நின்றது. 2020இல் விற்பனைக்கு வந்தது பெயரில் மட்டும்தான் டிஃபெண்டர், தனிச் செசி (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, எல்லாமே கணினி. அதை நான் ஓட்டியதில்லை, அதைப் பற்றி இங்கே எழுதவும் இல்லை. பழையதிலும் 1998க்குப் பிறகு வந்த டிடி5 எஞ்சினுக்கு இலத்திரனியல் கட்டுப்பாடு உண்டு. என்னுடையது அதற்கு முந்தியது, 2.5 லீற்றர், 111 குதிரைவலு. கந்தளாய் வீதியில் பஸ் ஒன்றை முந்துவதற்கு நிறைய யோசிக்க வேண்டிய வலு அது, ஆனால் சேற்றில் முதலாம் கியரில் ஊரும்போது ஒரு குறையும் தெரியாது.

சரி, நம்பகம். இந்தச் சொல்லை ஆளாளுக்கு ஒரு அர்த்தத்தில் பாவிக்கிறார்கள். கொழும்பில் இருப்பவருக்கு நம்பகமான வண்டி என்றால் பழுதே வராத வண்டி. வந்தாலும் ஒரு போன் அடித்தால் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். எனக்கு அப்படி இல்லை. திரியாய் வயலில் மாலை ஐந்து மணிக்கு வண்டி நின்றால் அங்கே யாரும் வரமாட்டார்கள். அதனால் பழுதே வராது என்ற வாக்குறுதியை விட, பழுது வந்தால் அந்த இடத்திலேயே, கையில் இருக்கும் சாவியையும் வயர்த் துண்டையும் வைத்து எழுப்பிவிடலாமா என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த அளவுகோலில் பார்த்தால் 300 டிடிஐக்குக் கிட்ட வரக்கூடியவை மிகக் குறைவு.

ஏன் என்று சொல்கிறேன். இந்த எஞ்சின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அது ஓடுவதற்கு மின்சாரம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: டீசல் பம்பில் இருக்கும் நிறுத்தும் சொலனொயிட். அதற்கு ஒரு வயர். அந்த வயருக்குக் கரண்ட் போனால் டீசல் போகும், நின்றால் டீசல் நிற்கும், அவ்வளவுதான். சென்சரும் இல்லை, கணினியும் இல்லை. 2019 மார்கழியில் வயலில் இருந்து வெளிக்கிடும்போது ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் எலி அந்த வயரைக் கடித்து வைத்திருக்கிறது. பற்றரியில் இருந்து நேரே ஒரு வயர் இழுத்துக் கட்டினேன், பத்து நிமிஷத்தில் வீடு நோக்கிக் கிளம்பிவிட்டேன். (வீட்டுக்கு வந்து எஞ்சினை நிறுத்துவதற்கு அந்த வயரைக் கழற்ற வேண்டும், அதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.) அன்றைக்கு மச்சானின் புது டபுள் கெப் அங்கே அப்படி நின்றிருந்தால், அது எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும், எங்கள் இருவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இதைக் கேட்டுவிட்டு உடனே வாங்கப் போகாதீர்கள். இதே எஞ்சினில் மன்னிப்பே இல்லாத ஒரு சாமான் இருக்கிறது: வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட். சாதாரணமாக 1,20,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தூசியும் வெப்பமும் உள்ள இடத்தில் அதில் பாதி. எங்கள் ஊர் இரண்டாவது கணக்கில்தான் வரும். எனக்கு விற்றவர் "இப்பதான் மாத்தினது" என்றார், நானும் நம்பினேன். வாங்கி மூன்றாவது கிழமை, கொழும்பில் இருந்து திரும்பும்போது, ஹபரணை தாண்டி கந்தளாய்க்கு வரும் காட்டுப் பகுதியில், இரவு எட்டரைக்கு ஒரு சத்தத்தோடு எஞ்சின் நின்றது. ஆனை கடக்கும் இடம் அது, இறங்கி நிற்கவும் பயம், உள்ளே இருக்கவும் பயம். கந்தளாய்க்கு நெல் ஏற்ற வந்த லொறிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து விட்டார், அந்த மனிதருக்கு இன்றைக்கும் நன்றி. கழற்றிப் பார்த்தால் பெல்ட் பல்லெல்லாம் உதிர்ந்து போயிருக்கிறது, எத்தனை வருஷப் பழையதோ. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கம்பிகளான எட்டு புஷ்ரொட்டில் ஆறு வளைந்திருந்தது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பெரும்பாலும் புஷ்ரொட்டுகள் வளைந்து வால்வையும் பிஸ்டனையும் காப்பாற்றிவிடும் என்று சொல்வார்கள், என் விஷயத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. கொழும்பில் வண்டிச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் சாமான் எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்கள், நாலாம் நாள் வண்டி ஓடியது. அன்றிலிருந்து பெல்ட் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் பெயின்ற்றால் எஞ்சினின் முன் மூடியிலேயே எழுதி வைக்கிறேன். விற்பவர் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல், வாங்கிய அன்றே பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள். அந்தக் காசு வாங்கும் விலையோடு சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடாவது இன்னொரு விஷயம். எஞ்சினின் மேல் பகுதியான ஹெட் அலுமினியம், தண்ணீர் குறைந்து ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும், அப்புறம் ஹெட் கேஸ்கட், அப்புறம் பெரிய செலவு. றேடியேற்றர் மேலும் தேமோஸ்டாட் மேலும் வரும் பிளாஸ்டிக் மூடிகள் வயது போனால் வெடிக்கும் என்பது இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நான் வாங்கிய முதல் மாதமே இரண்டையும் பித்தளையில் போட்டுவிட்டேன், எட்டு வருஷமாக வெயிலில் உச்சி நேரம் ஓடியும் ஊசி நடுவைத் தாண்டியதில்லை. சின்னச் செலவு, தள்ளிப் போடாதீர்கள்.

இனி உண்மையான எதிரிக்கு வருகிறேன். எஞ்சின் இல்லை, கியர்பொக்ஸ் இல்லை. உப்பு.

வண்டி பார்க்கப் போகும்போது என்னோடு வந்தவர் கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவர், நாற்பது வருஷமாக டீசல் எஞ்சின் பார்க்கிறவர். நான் பொனட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பக்கத்தில் வந்து சொன்னார்: "தம்பி, எஞ்சின மாத்தலாம், கியர்பொக்ஸ மாத்தலாம், செசி போனா வண்டியே போச்சு. வாங்க, கீழ படுங்க." அன்றைக்கு அவர் பேச்சை முழுதாகக் கேட்டிருந்தால் விலையில் இன்னும் நிறையக் குறைத்திருக்கலாம். அடியில் புதுசாகக் கறுப்புத் தார் பூசி மினுங்கிக்கொண்டு இருந்தது, நான் அதை நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் தார் வெடித்து, வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போய், வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று பின் குறுக்குச் சட்டத்தைத் தின்றுவிட்டது. சுத்தியலால் தட்டினால் பிஸ்கட் மாதிரி உள்ளே போகிறது. வெட்டி ஒட்டி எடுக்கப் பன்னிரண்டு நாள் வண்டி கராஜில்.

"டிஃபெண்டர் அலுமினியம்தானே, கறள் பிடிக்காதே" என்று சொல்பவர்கள் நிறைய. வெளித்தகடுதான் அலுமினியக் கலவை. செசி இரும்பு, முன் பக்கம் கால் வைக்கும் இடத்துச் சுவர் இரும்பு, கதவின் உள் சட்டம் இரும்பு. இரும்பும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் போகும், பெயின்ற் கொப்பளித்து உள்ளே வெள்ளைப் பொடியாகிவிடும். என் கதவுகளின் கீழ் ஓரம் நாலும் அப்படித்தான் இருக்கின்றன. அலஸ்தோட்டத்தில் என் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வரிசை வீடும் தென்னைகளும்தான், கச்சான் காலம் போய் வாடைக்காற்று எழும்பினால் காலையில் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். வயலுக்குப் போகும் வழியெல்லாம் கடற்கரை, நிலாவெளி உப்பளம். கும்புறுப்பிட்டியில் நண்பனின் மீன் வாடிக்கு வண்டியோடு போனால் மணல், மீன் தண்ணி, எல்லாம் அடியில்தான் ஒட்டும்.

இதில் நான் பிந்தித்தான் கண்டுபிடித்த ஒன்று இருக்கிறது, கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்கள் கட்டாயம் கவனியுங்கள். முதல் இரண்டு வருஷமும் ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை அடியோடு கழுவினேன், எங்கள் கிணற்றுத் தண்ணீரில். எங்கள் கிணறு உவர். உப்பை உப்புத் தண்ணியால் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவுகிறேன், செசிக்குள் இருக்கும் துவாரங்களுக்குள்ளும் பைப்பை விட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, மாரிக்கு முன்னும் பின்னும் உள்ளே மெழுகு எண்ணெய் அடிக்கிறேன். தார் பூசுவதே இல்லை. ஆறு வருஷமாக புதுக் கறள் பெரிதாக வரவில்லை.

பார்ட்ஸ் பற்றி. ஒயில் பில்டர், டீசல் பில்டர், பிரேக் பட், பெல்ட் மாதிரியானவற்றைக் கொழும்பில் இருந்து எடுத்து எப்போதும் ஒரு சோடி வீட்டில் வைத்திருப்பேன், அவசரத்துக்கு இங்கே தேடி அலைய முடியாது. மற்றதெல்லாம் பஞ்சிகாவத்தைதான், போன் பண்ணினால் அடுத்த நாள் காலை பஸ்ஸில் வந்துவிடும். டயர் 7.50-16, சின்ன லொறிகளுக்குப் போடும் அதே அளவு, எந்த டயர்க் கடையிலும் கிடைக்கும், இது பெரிய நிம்மதி. மலிவுச் சாமான் நிறைய வருகிறது, கவனம். ஒரு கடையில் பாதி விலைக்கு எடுத்த வோட்டர் பம்ப் ஐந்து மாதம்கூட ஓடவில்லை, அதைக் கழற்றி மாற்றும் கூலியோடு பார்த்தால் நல்லதையே இரண்டு வாங்கியிருக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனபோது பார்ட்ஸ் விலை ஏறியது ஏறியதுதான், பிறகு இறங்கவே இல்லை. முதல் வருஷம் மட்டும் எனக்கு நாலரை லட்சம் போனது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவு, செசி வெட்டிய வருஷம் தவிர.

டீசல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு லீற்றருக்கு ஒன்பது, நீள ஓட்டத்தில் பத்து கிலோமீற்றர். வாங்கும்போது ஒட்டோ டீசல் 95 ரூபா, 2022 ஜூன் கடைசியில் 460. அந்த நாட்களில் இரண்டு இரவு பெற்றோல் செட் வரிசையில் வண்டிக்குள்ளேயே படுத்திருக்கிறேன். பின் சீற்றை மடித்தால் கால் நீட்டலாம். அந்த மாதங்களில் வண்டியை மூடி வைத்துவிட்டு சைக்கிளில்தான் திரிந்தேன், எரிபொருளுக்குக் கியூஆர் கோட்டா வந்த பிறகும் வயல் வேலைக்கு மட்டும்தான் எடுத்தேன். தினமும் வேலைக்குப் போய்வர இந்த வண்டி என்று யோசிப்பவர்கள் இதை நன்றாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சேற்றிலும் மணலிலும் எப்படி என்று கேட்டால் மிக நல்லது, ஆனால் எல்லாம் முடியும் என்று இல்லை. நாலு சில்லுக்கும் எப்போதும் இழுப்பு உண்டு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுப்பைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு லீவர் இருக்கிறது. அது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பூட்டும். முன்னால் ஒரு சில்லும் பின்னால் ஒரு சில்லும் சேற்றில் மிதந்தால், பூட்டினாலும் அந்த இரண்டும்தான் சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி அசையாது. இதைத் தெரியாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து அச்சு வரைக்கும் புதைப்பவர்கள் நிறைய. மணலில் காற்றைக் குறைப்பதுதான் எல்லாம். புல்மோட்டை அரிசிமலைக் கடற்கரையில் மணல் குருணல் அரிசி மாதிரி, சில்லுக்குப் பிடியே கிடைக்காது. அந்த மாதிரி மணலில் டயரை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் தாளம் தப்பாமல் போகும், 35இல் போனால் ஐந்தாவது மீற்றரில் நின்றுவிடும். திரும்பி வீதிக்கு ஏறியதும் மறக்காமல் காற்றடியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்றபோதுதான் இந்த வண்டியை முழுமையாக அறிந்தேன் என்று சொல்ல வேண்டும். ஈச்சிலம்பற்றில் சித்தி வீட்டுக்காரர்கள், அயலவர்கள், எல்லோருக்கும் அரிசி, குடிதண்ணி, மாமாவின் சீனி வருத்த மருந்து. இந்த வண்டிக்கு நிறுவனம் சொல்லும் தண்ணீர் ஆழம் அரை மீற்றர், அதாவது முழங்காலை ஒட்டி. பழைய ஆட்கள் ஒரு மீற்றர் போனேன் என்று கதை சொல்வார்கள், நம்பி இறங்காதீர்கள். டைமிங் மூடியின் கீழும் கிளச் கூட்டின் கீழும் இரண்டு துவாரம் உண்டு, தண்ணீரில் இறங்க முன் அதற்குரிய அடைப்பான்களைப் பூட்ட வேண்டும், வந்த பிறகு கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசியும் ஒயில் உள்ளே தேங்கி பெல்ட்டைக் கெடுக்கும். பூட்டினேன், ஒரு ஆளை முன்னால் தடியோடு நடக்கவிட்டு, லோ கியரில் மெல்லமாகப் போனேன். மூன்று இடத்தில் கடந்தது. நாலாவது இடத்தில் நடந்தவரின் தொடை வரைக்கும் தண்ணீர், இழுவையும் இருந்தது. நிறுத்தி, சாமானை ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு மாற்றிவிட்டுத் திரும்பினேன். உழவு இயந்திரம் போன இடத்துக்கு இது போகாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கார்களும் வான்களும் நின்ற இடத்தில் இருந்து இன்னும் ஐந்து கிலோமீற்றர் உள்ளே போனது, அந்த ஐந்து கிலோமீற்றருக்காகவே எட்டு வருஷச் செலவையும் நான் பொறுத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து பின் அச்சு ஒயிலைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இழுத்திருக்கிறது. இரண்டு அச்சுக்கும் ஒயில் மாற்றினேன். வெள்ளத்தில் ஓடிய வண்டி என்றால் இதை அடுத்த நாளே செய்ய வேண்டும்.

வசதி என்று எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். சத்தம், சூடு, வயது போன கதவு ரபர் வழியாக மழையில் வலது முழங்காலில் ஒழுகும் தண்ணீர். அம்மாவுக்கு 71 வயது, ஏறுவதற்கு ஒரு மரப் பலகைப் படி செய்து பின்னால் வைத்திருக்கிறேன். கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் ரயிலில்தான் போவோம்.

வேறு எதை எடுக்கலாம்? சேறு வருஷத்தில் நாலைந்து நாள்தான் என்றால் டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி ஒரு டபுள் கெப் போதும், மழை ஒழுகாது, பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், விற்றாலும் விலை நிற்கும். இரண்டு பேர், கொஞ்சச் சாமான், மணல் என்றால் சுசுகி ஜிம்னி. அதற்கும் தனிச் செசிதான், பாரம் குறைவாக இருப்பதால் மணலில் என்னுடையதை விட லேசாகப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2020இல் இருந்து 2025 தொடக்கம் வரை இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகளின் விலை எல்லாம் கண்டபடி ஏறிவிட்டது. அந்த விலைக்குப் பழைய டிஃபெண்டர் ஒன்றை வாங்குவது, பாரமான வேலை நிரந்தரமாக இருப்பவர்களுக்கும், தானே சாவி பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும், நானா மாதிரி ஒருவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கும்தான் சரிவரும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு உங்களுக்கு இருந்தால் எடுங்கள், இந்த வண்டி உங்களை நடுவழியில் விடாது. ஒன்றுமே இல்லாவிட்டால் வேண்டாம், கராஜில் நிற்கும் நாட்கள்தான் கூடுதலாக இருக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு பாயும், ஒரு சின்னச் சுத்தியலும், ஒரு டோர்ச்சும் கொண்டு போங்கள். பின் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் இருக்கும் இடம், முன் கால் வைக்கும் சுவரின் இரண்டு மூலை, இந்த இடங்களைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் விலை பேசலாம். புதுத் தார் பூசியிருந்தால் ஒரு இடத்தில் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் சுரண்ட விடமாட்டேன் என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.